மயிலிட்டியை மயிலிட்டி என்றே அச்சிடுங்கள்

சிறுகதைத் தொகுப்புக் குழுவினருக்கு,

வணக்கம். என் கதையைச் சேர்த்துக்கொண்டதற்கு நன்றி. ஆனால் யாழ்ப்பாணத்துக் கடலோர ஊரான மயிலிட்டியின் பெயரை நான் எழுதிய இடமெல்லாம் நீலக்கரை என்று மாறியிருப்பதைப் புத்தகம் கைக்கு வந்த பிறகுதான் கண்டேன். விசாரித்தபோது, “உண்மையான ஊர் வந்தால் வீண் பிரச்சினை, கதைதானே” என்றீர்கள்.

1990இல் போரால் இடம்பெயர்ந்த மயிலிட்டிச் சனம், இராணுவத்திடமிருந்து துறைமுகம் விடுபட 2017 ஜூலை வரை காத்திருந்தது. என் கதையில் படகு வைத்துத் தொழில் நடத்திய வயதான சம்மாட்டி ஒருவர் அப்போது திரும்பி வந்து, தன் மீன்வாடிக் கொட்டில் நின்ற இடத்தைத் தேடுகிறார். உங்கள் புத்தகத்தில் அவர் நீலக்கரையில் தேடுகிறார். காங்கேசன்துறையையும் பலாலியையும் அப்படியே விட்டுவிட்டு, இரண்டுக்கும் நடுவே இல்லாத ஊர் ஒன்றை வைத்திருக்கிறீர்கள். நீலக்கரை என்றொரு துறைமுகம் எவருக்கும் விடுபடவில்லை. நடந்ததை எழுதினேன், நடக்காததாக அச்சாகியிருக்கிறது.

கதைக்கு விவரம் சொன்ன அம்மா பருத்தித்துறையில் இருக்கிறார், மயிலிட்டியில் பிறந்தவர். எந்தக் காற்றுக்கு வள்ளம் இறக்கமாட்டார்கள் என்பதுவரை அவர் சொல்லித்தான் எழுதினேன். புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு, வரிக்கு வரி விரலை வைத்து வாசித்தார். பிறகு, “பிள்ளை, எங்கட ஊர்க் கதை எண்டல்லோ சொன்னனீ?” என்று கேட்டார். அவருக்கு நான் என்ன பதில் சொல்வது?

கற்பனை ஊர் கூடாதென்று நான் சொல்லவில்லை. ஆர்.கே. நாராயண் 1935இல் தன் முதல் நாவலிலேயே மால்குடியைப் படைத்தார். அது அவராக எடுத்த முடிவு. எங்கள் பக்கம் ஒழுங்கையைச் சொன்னாலே வீட்டைப் பிடித்துவிடுவார்கள். அதனால் நானும் ஆட்களின் பெயர், வீடு, உறவுமுறை எல்லாவற்றையும் மாற்றித்தான் எழுதினேன். ஒரு குடும்பமும் நோகக்கூடாது. ஊர் அப்படியல்ல, அது அந்தக் கதைக்குச் சாட்சி.

இது உங்களோடு நிற்கிற விஷயமும் இல்லை. மேடைதோறும் மண்வாசனை பற்றிப் பேசுகிறார்கள். அந்த மண்ணின் பெயரை எழுதினால் பயப்படுகிறார்கள். இப்போது எழுத வரும் பிள்ளைகள் தாங்களாகவே ‘வடக்கில் ஒரு கிராமம்’ என்று போட்டு அனுப்புகிறார்கள். எவரும் வெட்டுவதற்கு முன்பே அவர்களே வெட்டிவிடுகிறார்கள். எனக்கு அதுதான் பெரிய கோபம்.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். அடுத்த பதிப்பில் மயிலிட்டியை மயிலிட்டி என்றே அச்சிடுங்கள். விற்காமல் இருக்கும் பிரதிகளில் ஒரு திருத்தத் துண்டு ஒட்டுங்கள், அதற்கான செலவை நான் தருகிறேன். இனி யாருடைய கதையிலும் ஊரை மாற்ற நினைத்தால், தயவுசெய்து எழுதியவரிடம் முதலில் கேளுங்கள். பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தொகுப்பில் எழுதியவர்களில் ஒருத்தி,
யாழ்ப்பாணம்