‘ஜாக்கிரதை’ என்று சொல்வது பாடம் ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டி என நம் கரையோரப் பள்ளிகளில் பாலியல் பாதுகாப்பு விழிப்புணர்வு நிகழ்ச்சி என்றால் பெரும்பாலும் நடப்பது இதுதான். மாணவிகளை மட்டும் ஹாலில் உட்கார வைக்கிறார்கள். ஒருவர் ஒரு மணி நேரம் மைக்கில் பேசுகிறார். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எல்லோரும் சேர்ந்து சொல்கிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள், கலைகிறார்கள். மாணவர்கள் அந்நேரம் கிரவுண்டில். ‘ஜாக்கிரதையா இருங்க’ என்பதைத் தவிர அந்தப் பிள்ளைகளுக்கு எதுவும் மிஞ்சுவதில்லை. பையன்களுக்கு அதுவும் கிடையாது.

நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் என்பது ஐந்தாம் வகுப்புக்குச் சரி. பதினைந்து வயதில் சிக்கல் வேறு. எதிரே இருப்பவர் பிடித்தவராக இருக்கலாம், சொந்தக்காரராக இருக்கலாம், ஊரே கும்பிடுகிறவராகவும் இருக்கலாம். நாம் விரும்பிச் சம்மதித்தோமா, சம்மதிக்க வைக்கப்பட்டோமா என்று பிரித்துப் பார்க்கத்தான் அந்த வயதில் கற்றுக்கொடுக்க வேண்டும்.

இதை 300 பேருக்கு மைக்கில் சொல்லித்தர முடியாது. ஒரு தடவைக்கு 25 பேர், 40 நிமிடம், குறைந்தது நான்கு வகுப்பு தேவை. முதல் இரண்டைப் பையன்களுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் தனித்தனியாகவும் அடுத்த இரண்டைச் சேர்த்தும் நடத்தலாம். எடுத்த எடுப்பில் உடலைப் பற்றிப் பேசினால் சிரிப்பும் கூச்சமும் வகுப்பைத் தின்றுவிடும். கேட்காமல் ஒருத்தியைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பது, நண்பன் போனைப் பிடுங்கிப் பார்ப்பது என்று தொடங்கினால் தானாகவே பேச்சு வரும். ‘மௌனம் சம்மதம்’ என்ற பழமொழியை இந்த இடத்தில் போட்டு உடைக்க வேண்டும். பயத்தில் உடல் விறைத்துப்போகும், குரல் எழும்பாது. கத்தவில்லையே, தள்ளிவிடவில்லையே என்று பின்னால் கேட்பவர்களுக்கு இது தெரிவதில்லை. நேற்று சரி என்றது இன்றைக்குச் செல்லாது. ‘செத்துப்போவேன்’ என்று மிரட்டி வாங்கியதும் சம்மதம் ஆகாது.

‘வேணாம்னு சொல்லிட்டேன், திரும்பக் கேக்காத’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பழக்குவதைச் சிலர் செய்கிறார்கள். அதைக் கேட்டவர் ‘சரி’ என்று ஒரே சொல்லில் நிறுத்திக்கொண்டு பேச்சை மாற்றவும் பழக வேண்டும். எங்கள் கணிப்பில் நான்கு வகுப்பிலும் கடினமான பயிற்சி இதுதான். ‘ஏன்?’, ‘என்ன நம்பலையா?’ என்ற கேள்விகள்தான் பையன்களின் வாயில் முதலில் வரும். அவை கேள்வி அல்ல, நெருக்கடி என்று அங்கேயே நிறுத்திச் சொல்ல வேண்டும்.

கேள்விச் சீட்டு கொடுக்கும்போது ஒரு தவறு நடக்கிறது. சந்தேகம் உள்ளவர்கள் மட்டும் எழுதுங்கள் என்றால், பேனாவை எடுப்பவர் யார் என்று வகுப்பே பார்க்கும். எல்லோருக்கும் ஒரே மாதிரி சீட்டு தந்து, கேள்வி இல்லாதவர் ‘கேள்வி இல்லை’ என்றாவது எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டால் யாரும் தனித்துத் தெரியமாட்டார்கள். மாணவர்கள் புகார் எழுதிப் போடப் பள்ளிகளில் வைக்கும் ‘மாணவர் மனசு’ பெட்டிக்கும் இதே கதிதான். தலைமை ஆசிரியர் அறை வாசலில் வைத்தால் காலியாகத்தான் கிடக்கும். தண்ணீர்க் குழாய்க்குப் போகிற வழியில் வையுங்கள்.

சட்டத்தையும் மிரட்டாமல் சொல்ல வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18 வயது நிறையாதவரின் சம்மதத்துக்கு மதிப்பில்லை. இருவரும் விரும்பிப் பழகினாலும், 17 வயதுப் பெண்ணோடு உறவு கொண்ட 19 வயதுப் பையன் மீது வழக்கு வரும். இதைப் பையன்களிடம் யாரும் தெளிவாகச் சொல்வதில்லை. பாதிக்கப்படும் பையன்களுக்கும் அதே சட்டம் பாதுகாப்பு தருகிறது என்பதையும் சொல்வதில்லை. பள்ளி விடுமுறையில் ஐஸ் உடைக்க, வலை இழுக்க, ஏலக்கூடத்தில் கூடை தூக்கப் போகும் பையனுக்குப் பெரியவர் ஒருவர் போனும் பிரியாணியும் வாங்கித் தந்தால், பதிலுக்கு என்ன கேட்பார் என்று யோசிக்க அவனுக்கும் கற்றுக்கொடுக்க வேண்டாமா?

வழக்குக்குப் பயந்து ஆஸ்பத்திரிப் பக்கமே போகாத பெண்பிள்ளைகளுக்கு ஒரு தகவல். கருக்கலைப்புக்கு வரும் 18 வயதுக்குட்பட்ட பெண்ணின் பெயரை, அவரும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் காவல் துறைக்குத் தரும் தகவலில் குறிப்பிட வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நாட்டு மருந்து தேடிப் போவதுதான் உயிருக்கு ஆபத்து.

போட்டோவைக் காட்டி மிரட்டினால் பணம் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் மறுபடி கேட்பார்கள். மிரட்டல் செய்தி, கணக்கின் பெயர், தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டுத்தான் பிளாக் செய்ய வேண்டும். பதற்றத்தில் அந்தச் செய்திகளை அழித்துவிட்டால் ஆதாரம் போயிற்று. ‘பாருங்க’ என்று மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் அந்தப் படத்தை அனுப்பவே கூடாது. 18 வயதுக்குட்பட்டவரின் ஆபாசப் படத்தைப் பரப்புவது யார் செய்தாலும் குற்றம். தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பெயர் சொல்லாமலும் இதைப் பற்றிப் புகார் தரலாம். ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவையில் படம் போனைவிட்டு வெளியே போகாது. அதன் டிஜிட்டல் கைரேகை மட்டும் போகும், அதை வைத்து இதில் சேர்ந்துள்ள சமூக வலைதளங்கள் படத்தைக் கண்டுபிடித்து நீக்கும்.

பிள்ளை முதலில் யாரிடம் வாய் திறக்கிறதோ, அவர் நடந்துகொள்வதில்தான் பாதி இருக்கிறது. ‘அங்க ஏன் போன?’ என்று ஒரு தடவை கேட்டால் போதும், பிள்ளை மூடிக்கொள்ளும். ‘சொன்னது நல்லது, இது உன் தப்பு இல்ல’ என்று சொல்லிவிட்டு, அது சொன்ன வார்த்தைகளை அப்படியே தேதி, நேரம் போட்டு எழுதி வையுங்கள். ஆளாளுக்குத் திரும்பத் திரும்ப விசாரிக்க வேண்டாம். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்யாதீர்கள். தெரிந்தும் புகார் சொல்லாமல் இருந்தால் ஆறு மாதம் வரை சிறை உண்டு. ஊர்க் கூட்டத்தில் பேசித் தீர்த்து, பணம் வாங்கிக் கொடுத்து முடிக்கவும் சட்டத்தில் இடமில்லை.

உடல்ரீதியான வன்முறை என்றால் குளிக்க வைக்காமல், துணியைத் துவைக்காமல் கூட்டிப்போங்கள். துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டினால் ஈரத்தில் பூஞ்சை பிடித்துத் தடயம் கெடும். காகிதப் பையில் போட வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரையும் எச்ஐவி தடுப்பு மருந்தும் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. எஃப்ஐஆர் இல்லை என்று சொல்லி எந்த ஆஸ்பத்திரியும், தனியார் ஆனாலும், திருப்பி அனுப்பக் கூடாது. சிகிச்சை இலவசம். வாக்குமூலம் வாங்கப் பிள்ளையை ஸ்டேஷனுக்கு அழைக்க வேண்டியதில்லை. அது இருக்கும் இடத்துக்கே போலீஸ் சீருடை இல்லாமல் வர வேண்டும், கூடியவரை சப்-இன்ஸ்பெக்டருக்குக் குறையாத பெண் அதிகாரியாக.

நம்பிக்கையான மூன்று பேரின் பெயரைப் பிள்ளைகளை எழுதச் சொல்வது வழக்கம். மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்தால் அந்தப் பட்டியல் உதவாது. அப்பா தொழிலுக்குப் போயிருப்பார், நடுக்கடலில் சிக்னல் கிடைக்காது. அம்மா விடியும் முன்பே பாசி எடுக்கக் கிளம்பியிருப்பார். ஒருவராவது வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும், ஒருவராவது ராத்திரியில் போனை எடுப்பவராக இருக்க வேண்டும். எண்கள் மனப்பாடமாகத் தெரிய வேண்டும், முதலில் பறிபோவது போன்தான்.

இதையெல்லாம் அப்பாக்களிடமும் பேச வேண்டும். பெற்றோர் கூட்டத்துக்கு வருவது அம்மாக்கள்தான். விசைப்படகுகளுக்கான தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. கோடை விடுமுறைக்கு முன் கிடைக்கும் ஏப்ரல் கடைசி நாட்களிலும், பள்ளி திறந்த ஜூன் முதல் வாரங்களிலும் அப்பாக்கள் கரையில் இருப்பார்கள். கூட்டத்தைப் பள்ளியில் வைக்காமல் படகுத்துறையிலேயே, வலை பின்னும் நேரத்தில் வைத்தால் இன்னும் நல்லது. நாட்டுப்படகுக்காரர்களுக்குத் தடை இல்லை என்பதால், அவர்களுக்குக் கடலுக்குப் போகாத நாள் பார்க்க வேண்டும்.

உங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிடத் தடை விதிக்கிறது. பெயரை மாற்றிவிட்டு ஊர், வகுப்பு, தந்தையின் தொழில், விசைப்படகா வள்ளமா என்பது வரை எழுதினால், ஒரு சின்ன மீனவக் கிராமத்தில் அது எந்த வீடு என்று சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும். ‘மாவட்டக் கடலோரப் பகுதியைச் சேர்ந்த சிறுமி’ என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். இத்தகைய செய்திகளின் கீழ் 1098, பள்ளிக் கல்வித் துறையின் 14417 ஆகிய எண்களைக் கட்டம் கட்டி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வளரிளம் பருவத்தினருக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுப்போர் சிலர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.