முள்ளிவாய்க்காலுக்குப் போய் வந்தோம்

அன்பின் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீயும் மருமகளும் குட்டியும் சுகமாக இருக்க வட்டாப்பளை அம்மாள் துணை. இரவு வேலை கூட என்று அக்கா சொன்னாள். நேரத்துக்குச் சாப்பிடு.

மே 18, போரில் செத்த சனத்தை நினைக்கும் நாளில், அப்பாவும் நானும் முள்ளிவாய்க்கால் போனோம். புதுக்குடியிருப்பு தாண்டியதும் அப்பா கதைப்பதை நிறுத்திவிட்டார். இப்போது வீதி நல்ல வீதி. கரையில் வள்ளங்கள் நிற்கின்றன, வாடிகள் இருக்கின்றன. ஒரு பக்கம் பெருங்கடல், மறுபக்கம் நந்திக்கடல், நடுவில் அந்த மணல். போரின் கடைசி நாட்களில் அத்தனை சனமும் இதற்குள் எப்படிக் கிடந்தோம் என்று நேரில் பார்த்தும் நம்ப முடியவில்லை.

அம்மம்மாவை விட்ட இடத்தைத் தேடினோம். அப்பா வீதிக்கு இந்தப் பக்கம் என்கிறார், நான் அந்தப் பக்கம் என்கிறேன். அன்றைக்கு வடலியாக நின்றதெல்லாம் இன்றைக்குப் பனை. ஒரு பனையடியில் விளக்கேற்றினேன். உன் பங்குக்கும் நானே ஏற்றினேன்.

அப்புறம் கஞ்சி குடித்தோம். அரிசி, தண்ணீர், உப்பு, வேறொன்றும் இல்லை. 2009இல் வரிசையில் நின்று வாங்கிய அதே கஞ்சிதான், சிரட்டையில் கொடுத்தார்கள். பக்கத்தில் உன் வயதுத் தகப்பன் ஒருவன், "அப்பா சின்னப் பிள்ளையாக இருக்கும்போது இதைத்தான் குடித்தேன்" என்று மகனுக்குப் பருக்கினான். அந்தப் பிள்ளை பயப்படவில்லை. இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்டது.

அங்கே உங்களுக்கு என்ன நடந்தது என்று குட்டி அன்றைக்குப் போனில் என்னிடம் கேட்டதும் சின்னப் பிள்ளையின் கேள்விதான். அவளை ஏசாதே.

மாத்தளனில் காயப்பட்ட ஒருவரைச் செஞ்சிலுவைக் கப்பலில் ஏற்றும்வரை சேலைன் போத்தலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவன் நீ. கை நோகிறது என்று ஒரு சொல் சொல்லவில்லை. இன்றைக்கு ரொறன்ரோவில் பெரிய ஆஸ்பத்திரியில் நேர்ஸ். ஊரில் யார் கேட்டாலும் சொல்லுவேன், அவ்வளவு பெருமை எனக்கு. ஆனால் ஊர் நோயாளிக்கெல்லாம் ஆறுதல் சொல்கிறவனுக்கு, பெற்ற தாயோடு கதைக்க நேரமில்லை என்றால் நான் என்ன நினைப்பது?

நித்திரை வருகிறதா? மருமகள் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரவு வேலை முடிந்து வந்தால் வெறும் தேத்தண்ணியோடு படுக்காதே, சாப்பிட்டுவிட்டுப் படு.

திரும்பும்போது வட்டுவாகல் பாலத்தில் இறங்கினோம். போர் முடியும்போது இராணுவத்தின் பக்கம் போக அந்தப் பாலத்தைக் கடந்த நாளைப் பற்றி நாங்கள் மூவரும் இதுவரை கதைத்ததே இல்லை, தம்பி. பிறகு எங்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமிலும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. இந்தமுறை அப்பாதான் தொடங்கினார். தண்ணீரைப் பார்த்தபடி நிறையச் சொன்னார். எனக்கே தெரியாததெல்லாம் சொன்னார். அன்றிரவு நன்றாக நித்திரை கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குக் காலை, எங்களுக்குப் பின்னேரம். அப்பாவும் வீட்டில் இருப்பார். குட்டியை மடியில் வைத்துக்கொண்டு எடு. அவள் திரும்பவும் கேட்டால் நீ சொல்லு. உனக்கு ஏலாவிட்டால் போனை அவளிடம் கொடு, நான் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா