செயலாளரின் ஆண்டறிக்கை: வெயிலின் அடி யார் மேல் விழுகிறது?

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார், நான் நேரே விஷயத்துக்கு வருகிறேன். பருவநிலை மாற்றத்தின் அடி ஏன் இல்லாதவர்கள் மேலேயே முதலில் விழுகிறது என்ற கேள்விக்குத்தான் இந்த ஆண்டு சங்கத்தின் நேரத்தில் பெரும்பகுதி போனது.

கோடையில் வீடுவீடாகப் போனோம். தகரக் கூரைக்குக் கீழே மதியம் நிற்கவே முடியவில்லை. இரவில் கூரை ஆறினாலும், நெருக்கியடித்துக் கட்டிய சுவர்கள் பகலில் வாங்கிய சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கின்றன. இருக்கிற ஒரே சன்னலையும் திருட்டுக்குப் பயந்து சாத்திவிடுகிறார்கள். அப்படித் தூங்காமல் கிடந்தவர்தான் காலையில் கட்டட வேலைக்குப் போகிறார். "மதியம் வெளியே போகாதீர்கள்" என்று அவரிடம் சொல்லிப் பயனில்லை, போகாவிட்டால் கூலி கிடையாது.

வாசிப்புக் கூட்டங்களில் அதிகம் பேசியது 1995 சிகாகோ வெப்ப அலை பற்றி. 700க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் தனியாக வாழ்ந்த வயதானவர்கள், ஏழைகள். அங்கேயும் பயத்தில் சாத்திய சன்னல்கள்தான். அடுத்தடுத்து இருந்த, ஒரே அளவு ஏழ்மையான பகுதிகளில்கூட, அக்கம்பக்கம் ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்ட இடத்தில் சாவு குறைவு. இதைக் கேட்ட பிறகுதான், கடும் வெயில் நாட்களில் தனியாக இருக்கும் முதியவர்களைத் தினமும் போய்ப் பார்ப்பது என்று முடிவெடுத்தோம், அது தொடர்ந்து நடக்கிறது. என்னைக் கேட்டால் இந்த ஆண்டின் உருப்படியான வேலை இதுதான்.

நாடுகளுக்கு நடுவிலும் இதே கதைதான். 2022 வெள்ளத்தில் பாகிஸ்தானில் சுமார் 3 கோடியே 30 லட்சம் பேர் பாதிக்கப்பட்டார்கள். உலகம் வெளியிடும், பூமியைச் சூடாக்கும் பசுங்குடில் வாயுக்களில் அந்த நாட்டின் பங்கு 1 சதவீதத்துக்கும் குறைவு. அதே ஆண்டு எகிப்தின் ஷார்ம் எல் ஷேக்கில் நடந்த ஐ.நா. பருவநிலை மாநாட்டில், இப்படி அடிபடும் ஏழை நாடுகளுக்கு உதவ 'இழப்பு, சேத நிதி' ஒன்றுக்கு உலக நாடுகள் ஒப்புக்கொண்டன. ஆனால் தேவைக்கு முன்னால் இதுவரை வந்த பணம் மிகக் குறைவு, இதைச் சொல்லும்போதே கோபம் வருகிறது.

அப்புறம் ஒரு குறை. மழை வெள்ள நிவாரணப் பட்டியலில் வீட்டுச் சொந்தக்காரர் பெயர்தான் ஏறுகிறது, சாமான் நனைந்து நிற்கும் வாடகைக்காரர் பெயர் இல்லை. மனு கொடுத்தோம், பதில் வரவில்லை. திரும்பவும் கொடுக்கிறோம், இந்த முறை வாடகைக்காரர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். கூலி வேலைக்குப் போகிறவர்களும் வர வசதியாக, இனி கூட்டங்கள் இரவில்தான்.