மீட்டெடுத்த படத்தில் மூலம் இருக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய அறிவியல் புனைகதைப் படங்களைத் திரும்பத் திரும்ப எடுப்பது கற்பனை வறட்சியின் அடையாளம் என்று தங்களின் சென்ற இதழில் வெளியான கட்டுரை வாதிட்டிருந்தது. இவ்வகைப் படங்களைச் சிறுவயது முதல் விடாமல் பார்த்து வருபவன் என்ற முறையில் கட்டுரையாளரின் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவருடைய கோபம் போய்ச் சேர வேண்டிய இடம் வேறு என்று கருதுகிறேன்.

ரீமேக் எதுவும் மூலப்படத்தை அழித்துவிடுவதில்லை. சில வேளைகளில், முதலில் வந்த படம் கைவிட்ட கதையை அதுதான் மீட்டுத் தருகிறது. ஜான் கேம்பெல் 1938இல் எழுதிய கதையில், பனிக்குள் உறைந்து கிடந்த வேற்றுலக உயிர் எந்த மனிதனின் உருவத்தையும் எடுத்துக்கொள்ளக்கூடியது. 1951இல் அதைப் படமாக்கியவர்கள் அந்த உருமாற்றத்தை விட்டுவிட்டு, தாவர இனத்தைச் சேர்ந்த நெடிய உருவம் ஒன்றை உலவவிட்டார்கள். 1982இல் ஜான் கார்பென்டர் 'தி திங்' படத்தை எடுத்தபோதுதான், பக்கத்தில் நிற்பவன் மனிதன்தானா என்ற அச்சம் திரைக்கு வந்தது. ஒவ்வொருவரின் இரத்தத்தையும் தனித்தனித் தட்டில் எடுத்து, சூடேற்றிய கம்பியால் தொட்டுப் பார்க்கும் காட்சியை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கம்பி பட்டதும் எழும் 'சுர்' என்ற ஓசை, அந்த இரத்தத்துக்குரியவன் மனிதன்தான் என்று நமக்கு ஆறுதல் சொல்கிறது. அந்த ஆறுதலுக்கு நாம் பழகிப்போகும் நேரத்தில் ஒரு தட்டிலிருந்து இரத்தம் அலறிக்கொண்டு துள்ளி எழுகிறது. வெளியானபோது எதிர்பார்த்த வசூலைப் பெறாத படம் இது. 1958இல் வந்த 'தி ஃபிளை' படத்தை 1986இல் மீண்டும் எடுத்த டேவிட் குரோனன்பர்க்கும், ஒரே நொடியில் மனிதனின் தலையும் ஈயின் தலையும் மாறிப்போகும் கதையை, உடல் நாளுக்கு நாள் சிதையும் கொடுமையாக மாற்றிக் காட்டினார். சலிப்பூட்டும் ரீமேக்குகளும் நிறைய உண்டு. அவற்றால் ஏமாந்தவர் மூலப்படத்தைத் தேடிப் பார்த்துக்கொள்ளலாம்.

என்னை உறுத்துவது, பழைய படச்சுருளைச் சுத்தம் செய்து 'மீட்டெடுக்கப்பட்டது' என்ற பெயரில் வரும் சில வெளியீடுகள்தான். அங்கே தேடிப் போக மூலப்படமே இல்லாமல் போகிறது.

மீட்டெடுப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஃபிரிட்ஸ் லாங் இயக்கிய 'மெட்ரோபோலிஸ்' என்ற ஜெர்மானிய மௌனப் படத்தைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. 1927 ஜனவரியில் பெர்லினில் வெளியான படம், அடுத்த சில மாதங்களிலேயே வெட்டிக் குறுக்கப்பட்டது. அமெரிக்கப் பதிப்பில் ஹெல் என்ற இறந்துபோன பெண்ணின் கதையே நீக்கப்பட்டதால், அவளைக் காதலித்த விஞ்ஞானி ரோட்வாங் எதற்காக இயந்திரப் பெண்ணை உருவாக்கினான் என்பதே விளங்காமல் போயிற்று. வெட்டியவை என்றென்றைக்கும் தொலைந்துவிட்டன என்றுதான் எண்பது ஆண்டுகள் நம்பியிருந்தோம். 2008இல் புவெனஸ் ஐரிஸின் திரைப்பட அருங்காட்சியகத்தில் கிட்டத்தட்ட முழுமையான 16 மி.மீ. பிரதி ஒன்று கிடைத்தது. தேய்ந்த சுருளிலிருந்து எடுத்த நகல் என்பதால், பழைய கீறல்களெல்லாம் அதில் படத்தோடு படமாகப் பதிந்திருந்தன. படச்சட்டத்தின் (ஃபிரேம்) ஓரமும் வெட்டுப்பட்டிருந்தது. 2010இல் வெளியிட்டவர்கள் முடிந்த அளவு சுத்தம் செய்து, போகாத கோடுகளை அப்படியே விட்டு, இல்லாத ஓரத்தைக் கறுப்பாகவே காட்டினார்கள். தெளிவான காட்சியிலிருந்து, கீறல்கள் மழைபோல் விழும் காட்சிக்குப் படம் தாவும் ஒவ்வொரு முறையும், இது தொலைந்து திரும்பி வந்த பகுதி என்று பார்ப்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. அந்த நேர்மையைப் பார்த்து நான் கண்கலங்கியிருக்கிறேன்.

இதற்கு நேர்மாறான அனுபவமும் எனக்கு உண்டு. எனக்கு மிகவும் பிடித்த எண்பதுகளின் படம் ஒன்றின் 4கே எனப்படும் மிகத் தெளிவான வட்டை ஆவலோடு வாங்கினேன். நாயகனின் நெற்றியில் வியர்வைத் துளிகளுக்கு இடையே தெரிந்த தோலின் நுண்ணிய துளைகள் மறைந்து, முகம் மெழுகு பூசியதுபோல் வழவழப்பாக இருந்தது. சட்டைக் காலரின் நெசவையும் காணவில்லை. படச்சுருளில் தெரியும் துகள்கள் அழுக்கல்ல. பிம்பமே அவற்றால் ஆனது. அவற்றை இரைச்சல் என்று எண்ணி மென்பொருளால் துடைத்தெடுக்கும்போது, ஒளிப்பதிவாளர் பிடித்து வைத்த நுணுக்கமும் சேர்ந்தே போய்விடுகிறது. பழைய கிராபிக்ஸ் காட்சிகளை எடுத்துவிட்டுப் புதியவற்றைச் செருகுவதும் இத்தகையதே. 1977இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' 1997இல் அதன் இயக்குநராலேயே அப்படி மாற்றப்பட்ட பிறகு, மாறிய வடிவமே நீண்ட காலம் முன்னிறுத்தப்பட்டது. தம் படத்தைத் திருத்த இயக்குநருக்கு உரிமை உண்டு என்பதை மறுக்கவில்லை. ரிட்லி ஸ்காட்டும் 'பிளேட் ரன்னர்' படத்துக்கு 2007இல் இறுதி வடிவம் தந்தார். ஆனால் அப்போது வந்த ஐந்து வட்டுத் தொகுப்பில் 1982இன் திரையரங்கு வடிவமும் இருந்தது. எதைப் பார்ப்பது என்ற முடிவு இரசிகனிடம் விடப்பட்டது.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். பழைய படம் ஒன்று புதுப்பொலிவுடன் வருகிறது என்று எழுதும்போது, அது கேமராவில் முதலில் பதிவான மூல நெகட்டிவிலிருந்து எடுக்கப்பட்டதா, பிற்காலப் பிரதியிலிருந்தா, துகள்கள் நீக்கப்பட்டுள்ளனவா, காட்சிகள் மாற்றப்பட்டுள்ளனவா, முதலில் வெளியான வடிவமும் உடன் கிடைக்கிறதா என்பவற்றைத் தங்கள் விமர்சகர்கள் இரண்டு வரியிலாவது குறிப்பிட வேண்டும். வட்டின் உறையில் இந்த விவரங்கள் பெரும்பாலும் இருப்பதில்லை. காசு கொடுத்து வாங்கி, வீட்டில் ஓடவிட்ட பிறகே எங்களுக்குத் தெரிய வருகிறது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்