கிழட்டுக் கொம்பன் வீண் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வயதான ஆண் யானைகளால் இனிப் பயனில்லை, காசு வாங்கிக்கொண்டு வேட்டைக்கு விடலாம் என்று சென்ற வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். நம் தென்னாப்பிரிக்காவின் வடமேற்கு மாகாணத்துப் பிலானெஸ்பெர்க் வனவிலங்குப் பூங்காவில் நடந்தது அவர் காதுக்கு எட்டவில்லை போலும்.

குரூகர் பூங்காவில் எண்ணிக்கையைக் குறைக்கச் சுட்டபோது மிஞ்சிய கன்றுகளை அங்கே கொண்டுபோய் விட்டார்கள். அதட்டப் பெரிய களிறு இல்லாமல் வளர்ந்தவற்றில் சிலவற்றுக்கு 18 வயதிலேயே மதம் பிடித்தது; வழக்கமாக 25 வயதுக்கு மேல்தான் பிடிக்கும். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் உச்சத்துக்கு ஏற, கன்னத்தில் மதநீர் ஒழுக, சிறுநீர் சொட்டச் சொட்ட மாதக்கணக்கில் திரிந்தன. 1992 முதல் 1997 வரை 40-க்கும் மேற்பட்ட வெள்ளைக் காண்டாமிருகங்களைக் கொன்று போட்டன. பாவம், அவை என்ன செய்தன?

1998-இல் குரூகரிலிருந்து ஆறு முதிர்ந்த களிறுகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். மதத்தில் இருக்கும் பெரிய களிறு ஒரு முறை விரட்டினால் போதும், இளையதன் மதநீர் சில மணி நேரத்தில், சில சமயம் சில நிமிடங்களிலேயே நின்றுவிடும். ஊசியும் இல்லை, மருந்தும் இல்லை. காண்டாமிருகக் கொலைகளும் நின்றன.

வேட்டை உரிமத்தை எதிர்க்க எனக்கு வேறு காரணங்களும் உண்டு. அவை இன்னொரு கடிதத்துக்கு. ‘பயனில்லை’ என்ற வாதத்தை மட்டும் அந்த வாசகர் திரும்பப் பெறட்டும்.

– ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்