சூழல் நெருக்கட்டும், சண்டை தானே வரும்

ஏற்காடு

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய திரைக்கதையை முழுவதும் படித்தேன். ஆறு பேர் பயணம் செய்யும் விண்கலத்தில் மூன்றாம் காட்சியிலேயே ஆக்சிஜன் தரும் இயந்திரம் பழுதடைகிறது. அதன் பிறகு பத்துப் பக்கங்களுக்கு அதைப் பற்றி ஒருவர்கூடப் பேசாமல், அக்காவும் தங்கையும் வீட்டுப் பங்குக்காகச் சண்டையிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சண்டை இல்லாவிட்டால் யாரும் பார்க்கமாட்டார்கள் என்று தயாரிப்பாளர் தரப்பில் சொன்னதாக எழுதியிருந்தாய். அதை நான் ஏற்கவில்லை.

1987-இல் தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' என்ற விண்வெளித் தொலைக்காட்சித் தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி, 24-ஆம் நூற்றாண்டு மனிதர்கள் அற்பப் பகைகளைக் கடந்தவர்கள் என்பதால் கலத்தின் குழுவினருக்குள் பூசல் கூடாது என்று வற்புறுத்தினார். எழுத்தாளர்கள் அதனால் மனம் நொந்தார்கள். அவர்கள் வருத்தத்தில் நியாயமும் உண்டு. ஆயினும் அந்தத் தடையால்தான் சிக்கலை அவர்கள் வெளியே தேடினார்கள். 1991-இல் வந்த 'டார்மக்' பகுதியை மறுபடியும் பார். பழங்கதைகளைச் சுட்டியே பேசும் ஒரு வேற்றுக்கோள் இனத்தின் தலைவனுடன் அந்தக் கலத்தின் கேப்டன் பிக்கார்ட் ஒரு கோளில் சிக்கிக்கொள்கிறார். சொற்கள் கேட்கின்றன, பொருள் விளங்கவில்லை, கொல்லவரும் விலங்கோ நெருங்குகிறது. இருவருக்குள்ளும் பகை இல்லை, ஆனாலும் நம்மால் கண்ணை எடுக்க முடிவதில்லை.

அந்தக் கட்டுப்பாட்டுக்குள் எழுதிப் பழகிய ரொனால்ட் டி. மூர், பிற்பாடு 'பேட்டில்ஸ்டார் கேலக்டிகா' என்ற விண்வெளித் தொடரில் பூசலுக்குத் தாராளமாக இடம் கொடுத்தார். ஆனால் அவர் எழுதிய '33' என்ற பகுதியில் அந்தப் பூசல் எங்கிருந்து பிறக்கிறது என்று கவனி. 33 நிமிடங்களுக்கு ஒருமுறை சைலான்கள் என்னும் இயந்திர எதிரிகள் வந்து தாக்க, ஐந்து நாட்களாக யாரும் உறங்காத நிலையில், எரிச்சலும் தடுமாற்றமும் அந்த உறக்கமின்மையிலிருந்தே எழுகின்றன. எதிரி பின்தொடரக் காரணமென்று சந்தேகிக்கப்படும் பயணிகள் கலத்தைச் சுட உத்தரவு வரும்போது, அதை நிறைவேற்றப் போகிறவர்களில் ஒருவன் தளபதியின் மகன். தந்தைக்கும் மகனுக்கும் இடையிலிருந்த பழைய மனத்தாங்கல், யாரும் எடுத்துச் சொல்லாமலே அந்த உத்தரவின்மேல் வந்து அமர்கிறது.

நம் மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில், மூடுபனிக்குள் எதிரே லாரி வந்துவிட, பேருந்தைப் பின்னால் எடுக்க வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள். அடிவாரத்திலிருந்து ஓட்டுநரோடு முகம் கொடுத்துப் பேசாத நடத்துனர், இறங்கி நின்று விசில் கொடுப்பார். ஓட்டுநரும் அந்த விசிலை நம்பியே சக்கரத்தைத் திருப்புவார். அவர்களுக்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது அப்போது தெரிந்துவிடும்.

ஆகையால் சண்டையை நீக்கு என்று நான் சொல்லவில்லை. இயந்திரம் பழுதானதை மறக்காதே. மிஞ்சியிருக்கும் காற்று நான்கு பேருக்குத்தான் போதும் என்று வைத்து, அந்தக் கணக்கைப் போடும் பொறுப்பைத் தங்கையிடம் கொடு. வீட்டுப் பங்கைப் பற்றிய பேச்சு அதன் பிறகு ஒரே ஒரு வரியில் வந்தால் போதும், அதையும் அக்காவே சொல்லட்டும். எட்டாம் காட்சியில் சமையலறையில் நடக்கும் அந்த நீண்ட வாக்குவாதத்தைத் தயங்காமல் எடுத்துவிடு. திருத்தியதும் அனுப்பு, மறுநாளே படித்து எழுதுகிறேன்.

அன்புடன்,
அம்மா