‘ஆளுக்கு 1,200 டாலர்’ வரவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கொரோனா காலத்தில் அமெரிக்க அரசு ஆளுக்கு 1,200 டாலர் கொடுத்தது என்று சென்ற இதழ்க் கட்டுரை ஒன்றில் போகிற போக்கில் ஒரு வரி வந்திருந்தது. நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டில் ஐந்து பேர். தம்பதிக்கான 1,50,000 டாலர் வருமான வரம்புக்குள்தான் இருந்தோம். அந்தக் கணக்குப்படி 6,000 வந்திருக்க வேண்டும். வந்தது 2,900.

எனக்கும் கணவருக்கும் 2,400, பன்னிரண்டு வயது மகளுக்கு 500. கல்லூரியில் படித்த இருபது வயது மகனுக்கும், கிரீன் கார்டில் எங்களோடு இருக்கும் மாமியாருக்கும் ஒன்றுமில்லை. காரணம், இருவரையும் வரிக் கணக்கில் எங்கள் ‘டிபெண்டன்ட்’, அதாவது எங்களைச் சார்ந்து வாழ்பவர்கள், என்று காட்டியிருந்தோம். 2020 மார்ச்சில் வந்த சட்டப்படி டிபெண்டன்டுக்குத் தனியாகப் பணம் கிடையாது. அவருக்காகக் குடும்பத்துக்கு 500 உண்டு, அதுவும் பதினேழு வயது நிரம்பாத பிள்ளைக்கு மட்டும். பிளஸ் டூ படிக்கிற பிள்ளையும் வீட்டில் இருக்கும் பாட்டியும் இரண்டு பக்கமும் விடுபட்டார்கள். இவர்களுக்குச் சோறு போடுவது நாங்கள்தான் என்று ஒப்புக்கொள்கிற அரசு, அந்தச் செலவு மட்டும் எங்களுக்கு இல்லை என்று எப்படி நினைத்தது?

டிபெண்டன்ட் என்று காட்டியதால் எங்கள் வரியில் ஆளுக்கு 500 குறைந்தது வாஸ்தவம்தான். “பேசாம காட்டாமலே இருந்திருக்கலாம்” என்று அப்போது தெரிந்தவர்கள் வீட்டிலெல்லாம் இதே பேச்சு. அதுவும் செல்லாது. மகன் காபிக் கடையில் பகுதி நேரம் வேலை பார்த்தான். சம்பளத்தில் பிடித்த வரியைத் திரும்ப வாங்கத் தனியாக ரிட்டர்ன் போட்டான். 1040 என்ற வருமான வரிப் படிவத்தின் முதல் பக்கத்தில் அப்போது ஒரு சின்னக் கட்டம் இருந்தது: உங்களை வேறொருவர் டிபெண்டன்டாகக் காட்ட முடியுமா? காட்டினாரா என்று கேட்கவில்லை, முடியுமா என்றுதான் கேட்டார்கள். வயது 24 ஆகவில்லை, முழுநேரப் படிப்பு, வீட்டோடுதான் இருக்கிறான், தன் செலவில் பாதியைக்கூடத் தானே சம்பாதித்துப் போடவில்லை. அப்புறம் என்ன, டிக் அடிக்க வேண்டியதுதான், பணமும் கிடையாது.

டிசம்பரில் அறிவித்த 600 டாலரிலும் இதே கதை. ஆனால் தெரிந்தவர் மகன் ஒருவன் சமர்த்து. 2019 டிசம்பரில் படிப்பை முடித்து, ஜனவரியிலேயே வேலைக்குச் சேர்ந்து தனி வீடு எடுத்துவிட்டான். 2019 கணக்கில் அப்பாவின் டிபெண்டன்ட் என்பதால் முதலில் அவனுக்கு எதுவும் வரவில்லை. 2020 கணக்கில் அவன் யாருக்கும் டிபெண்டன்ட் இல்லையே! படிவத்தின் 30-ஆவது வரியில் கேட்டு, இரண்டு தவணைக்கும் சேர்த்து 1,800 வாங்கிக்கொண்டான். அந்த வரியைப் பார்க்காமலே விட்ட பிள்ளைகள் எத்தனை பேரோ.

2021 மார்ச்சில் வந்த மூன்றாவது சட்டத்தில்தான் வயது பார்க்காமல் டிபெண்டன்டுகளுக்கும் ஆளுக்கு 1,400 என்றார்கள். எங்களுக்கு 7,000. அதுவும் மொத்தமாக எங்கள் வங்கிக் கணக்கில்தான் விழுந்தது. “என் பேருக்கு வந்ததை என் கையில குடுத்துடு” என்றார் மாமியார். கொடுத்தேன். மகன் பங்கைக் கல்லூரிக் கட்டணத்தில் கழித்துக்கொண்டோம். அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

அடுத்த இதழில் அந்த ‘ஆளுக்கு’ என்ற சொல்லைத் திருத்திப் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நியூ ஜெர்சி